கேளுங்க, கழற்றிப் பார்ப்போம்: இந்த முறை, உசுர் வராத கம்ப்யூட்டர்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் ராமநாதபுரம் கேணிக்கரையில் என் கடை மேஜையில் இடம் இருக்காது. மண்ணும் உப்பும் கலந்து வருகிற காற்று அது. மண்டபத்திலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் கம்ப்யூட்டர் பெட்டிகளைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: "அமுக்குனா ஒண்ணுமே வரலக்கா." இந்த முறை வந்த கடிதங்களிலும் அதே கதைதான் அதிகம். அதனால் பிரிண்டர், வைரஸ் சமாச்சாரங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, கரண்ட் சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

தொண்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், காலையில் பட்டனை அமுக்கினால் லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை. பக்கத்துக் கடைத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "எஸ்.எம்.பி.எஸ். போயிருச்சு, 2,500 ரூபாய் ஆகும்" என்கிறார். உதவித்தொகை விண்ணப்பம் போடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். வாங்கி மாட்டிவிடட்டுமா அக்கா?

பணத்தை எடுக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வருகிற கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற பெட்டி. எட்டிப் பார்த்து அதைத் தீர்மானிக்க முடியாது.

எங்கப்பா பாம்பனில் விசைப்படகுகளுக்கு வயர்லெஸ் செட் சரிபார்த்துக் கொடுத்தவர். செட்டு பேசவில்லை என்று யாராவது வந்தால் அவர் செட்டைத் தொடமாட்டார். முதலில் பேட்டரி, அப்புறம் பேட்டரி முனை, அப்புறம் ஒயர், அப்புறம் பியூஸ், கடைசியில்தான் செட்டு. கரண்ட் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே நடந்து போவார். நானும் அப்படித்தான் செய்கிறேன். நீங்களும் சுவரிலிருந்து தொடங்குங்கள்.

சுவரில் உள்ள பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறுகிறதா? அடுத்து ஸ்பைக் பாக்ஸ். அதில் செருகினால் ஏறுகிறதா? நம் ஊரில் ஸ்பைக் பாக்ஸ்தான் முதலில் சாகிறது. உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு இளகி, பச்சை பூத்து, பின்னைப் பிடிக்காமல் விட்டுவிடும். கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது, கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகுகிற தடித்த கரண்ட் ஒயர். மானிட்டருக்கும் பெரும்பாலும் அதே மாதிரி ஒயர்தான் இருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை, செலவு கிடையாது. அப்படியே அந்த ஒயர் போய்ச் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அமுங்கியிருக்க வேண்டும். சிரிக்காதீர்கள். ஒரு தடவை தேவிபட்டினம் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டில் அந்த அம்மா ஒட்டடை அடித்தபோது துடைப்பக்கட்டை பட்டு அந்தச் சுவிட்ச் அணைந்திருந்தது. விரலால் தட்டினேன், ஓடியது. கூலி வாங்க மனசு வரவில்லை. மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

இதுவரை எதுவும் அகப்படவில்லை என்றால் ஒயரை முழுதாகப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நிற்கிற மின்சாரம் வடிந்துவிடும். திரும்ப மாட்டிப் போடுங்கள். லைன் வெட்டி வெட்டி வந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் இதுவே பல பெட்டிகளை எழுப்பியிருக்கிறது.

அதற்கும் அசையவில்லை என்றால் ஒயரை மாட்டிவைத்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். எல்லாப் பாகமும் வந்து மாட்டுகிற பெரிய போர்டான மதர்போர்டில் ஓர் ஓரத்தில் பச்சையோ சிவப்போ ஒரு குட்டி விளக்கு எரிந்தால், எஸ்.எம்.பி.எஸ். முழுதாகச் சாகவில்லை என்று அர்த்தம். அப்போது சந்தேகம் முன்பக்கப் பட்டன் மேல் போக வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை அமுக்கிய பட்டன், உப்புக் காற்றில் எத்தனை வருஷம் தாங்கும்? பட்டனிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் வந்து மதர்போர்டில் இரண்டு ஊசிகளில் மாட்டியிருக்கும். அந்தத் தலையை உருவிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். ஓடினால் பட்டன்தான் குற்றவாளி. அவசரத்துக்கு, பக்கத்தில் இருக்கிற ரீசெட் பட்டனின் ஒயரை இந்த ஊசிகளில் மாட்டிவிட்டால் ரீசெட்டே பவர் பட்டனாகிவிடும். பல கடைகளில் அப்படியே வருஷக்கணக்காக ஓடுகிறது.

விளக்கு எரியவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்கலாம். கரண்ட் ஒயரைப் பிடுங்கிய பிறகு, மதர்போர்டில் மாட்டியிருக்கிற 24 துளை உள்ள பெரிய பிளக்கையும், மதர்போர்டுக்குப் போகிற மற்ற பிளக்குகளையும் கழற்றுங்கள். பெரிய பிளக்கில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வளைத்த ஜெம் கிளிப்பின் ஒரு முனையைப் பச்சையிலும், மறுமுனையை ஏதாவது ஒரு கறுப்பிலும் செருகுங்கள். பாரத்துக்கு ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டிவைப்பது நல்லது. இப்போது கரண்ட் கொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி சுற்றினால் உசுர் இருக்கிறது. சுற்றவே இல்லை என்றால் அந்தத் தம்பி சொன்னது சரி, 2,500-ஐ எடுத்துக் கொடுத்துவிடலாம். புது மாடல்களில் சூடேறும் வரை சுற்றாத விசிறியும் உண்டு, மாட்டியிருக்கிற ஹார்டு டிஸ்க் உறுமுகிறதா என்று காது கொடுங்கள். எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்றால் இந்தச் சோதனை வேண்டாம், கடைக்கு எடுத்து வாருங்கள்.

விசிறி சுற்றிவிட்டது என்பதற்காக எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று சான்றிதழும் கொடுத்துவிட முடியாது. மல்டிமீட்டர் இருந்தால் கிளிப் செருகிய நிலையில் அளந்து பாருங்கள். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. நூற்றுக்கு ஐந்து கூடலாம், குறையலாம். அதாவது மஞ்சள் 11.4-க்குக் கீழே போகக்கூடாது, சிவப்பு 4.75-க்குக் கீழே போகக்கூடாது, ஆரஞ்சு 3.14-க்குக் கீழே போகக்கூடாது. ஊதா ஒயரில், கிளிப் போடாமலேயே, சுவரில் கரண்ட் இருக்கிற வரை 5 வோல்ட் நிற்க வேண்டும். பட்டனை அமுக்கியதைக் கவனிக்க மதர்போர்டு அதை வைத்துத்தான் விழித்திருக்கிறது.

தங்கச்சிமடத்தில் கல்லூரியில் படிக்கிறேன். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் விசிறியெல்லாம் சுற்றுகிறது, மானிட்டரில் படம் வருவதில்லை. பதினொரு மணிக்கு மேல் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டியும் அப்படியே இருக்கிறது. பேய் பிடித்திருக்கிறதா?

உப்பு பிடித்திருக்கிறது தம்பி. நேரத்தைக் குறித்து எழுதியதற்கு ஒரு சபாஷ். "சில சமயம் வருது, சில சமயம் வரல" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் இருட்டில் தடவியிருப்பேன்.

சமையல் உப்பு இருக்கிறதே, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகத் தண்ணீராகக் கசியத் தொடங்கிவிடும். வீட்டில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசப்பது இதனால்தான். உங்கள் பாம்பன் தீவில் இரண்டு பக்கமும் கடல். ராத்திரி ஈரம் ஏறும்போது போர்டின் மேல் தூசியோடு படிந்திருக்கிற உப்பு நனைகிறது. நனைந்த உப்பு கரண்டைக் கடத்தும். போகக்கூடாத இடத்துக்கு நூல் மாதிரி ஒரு கசிவு ஓடும். வெயில் ஏறியதும் காய்ந்துவிடும், கம்ப்யூட்டரும் நல்ல பிள்ளையாகிவிடும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் விடாமல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்களே, அதே உப்புதான் உங்கள் மேஜைக்கும் வருகிறது.

முதலில் ரேமைக் கழற்றுங்கள், மதர்போர்டில் செருகியிருக்கிற மெல்லிய நீளத் தகடு அது. இரண்டு ஓரத்திலும் உள்ள கொக்கியை வெளியே தள்ளினால் எழும்பி வரும். அதன் அடிவிளிம்பில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருப்பதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் அந்தத் தங்கப்பூச்சு ரொம்ப மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் வழியாக அடியில் இருக்கிற செம்பு பூக்கும். மங்கலாக, எண்ணெய் படிந்த மாதிரி, சில இடத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ரேம் செருகுகிற பள்ளத்தையும் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து, 'க்ளிக்' என்று சத்தம் கேட்கிற வரை அழுத்தி மாட்டுங்கள். போர்டைத் துடைப்பதற்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) என்று கேட்டால் கொடுப்பார்கள். மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் கலப்பு அதிகம். துடைத்துவிட்டு முழுதாகக் காய்ந்த பிறகுதான் கரண்ட்.

இன்னொரு இடமும் பாருங்கள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குப் பக்கத்தில் மஞ்சளும் கறுப்புமாக 4 அல்லது 8 துளை உள்ள ஒரு சின்ன பிளக் தனியாக மாட்டியிருக்கும். பிராசசருக்கான 12 வோல்ட் அந்த வழியாகத்தான் போகிறது. நீங்கள் புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டியதாகச் சொல்கிறீர்கள். பெரிய பிளக்கை மாட்டிவிட்டு இதை அரைகுறையாக விட்டிருந்தால் விசிறி மட்டும் சுற்றும், படம் வராது. சொந்தமாக மாட்டுகிறவர்களில் பாதிப் பேர் தடுமாறுகிற இடம் இது. வருஷத்துக்கு ஒரு தடவை நானும் தடுமாறுவேன்.

விசிறி சுற்றினால் கரண்ட் சரி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வோல்டேஜும் ஒரு நிலைக்கு வந்த பிறகு, சாம்பல் நிற ஒயர் வழியாக எஸ்.எம்.பி.எஸ். "நான் தயார்" என்று மதர்போர்டுக்கு ஒரு 5 வோல்ட் சமிக்ஞை அனுப்பும். வோல்டேஜ் நிலைக்கு வந்ததிலிருந்து அரை விநாடிக்குள் எல்லாம் இது வந்துவிட வேண்டும். வராவிட்டால் விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், பிராசசரை மதர்போர்டு எழுப்பவே எழுப்பாது.

பட்டனை அமுக்கினால் இரண்டு விநாடி ஓடி நின்றுவிடுகிறது. திரும்பத் தானாக ஓடி, திரும்ப நிற்கிறது. இப்படியே அடித்துக்கொள்கிறது. (திருப்பாலைக்குடி)

எங்கேயோ ஷார்ட். எஸ்.எம்.பி.எஸ். அதைக் கண்டுபிடித்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, அது தன் வேலையைச் செய்கிறது. பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் முன்பக்கத்தில் பென் டிரைவ் செருகும் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நாக்கு மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் உடைந்து, ஊசிகள் வளைந்து தகட்டில் முட்டிக்கொண்டிருந்தால் இதே கூத்துதான் நடக்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது அதிகம். அது சரியாக இருந்தால் ஒயரைப் பிடுங்கி, கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க், டிவிடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாருங்கள். எதைக் கழற்றியதும் நிற்காமல் ஓடுகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் அடித்துக்கொண்டால் மதர்போர்டில் குட்டி டிரம் மாதிரி நிற்கிற கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். சப்பையாக இருக்க வேண்டும். இட்லி மாதிரி உப்பியிருந்தால், அல்லது பழுப்பாகக் கசிந்திருந்தால், எடுத்து வாருங்கள்.

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன் லாத்தா (அக்கா). எங்க காக்கா (அண்ணன்) சவூதியில் வேலை பார்த்தபோது பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். இங்கே பிளக்கில் போட்டதும் 'டமார்' என்று சத்தம், கரிவாசனை, வீட்டுப் பியூஸும் போய்விட்டது. எல்லாமே போச்சா? உள்ளே இருக்கிற கல்யாண போட்டோக்கள்?

போட்டோக்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். முதலில் மூச்சை விடுங்கள் தங்கச்சி.

பெட்டிக்குப் பின்னால் சிவப்பாக ஒரு குட்டித் தள்ளு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 115 என்று தெரிந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. சவூதியில் பல வீடுகளில் 127 வோல்ட் கரண்ட்தான் இருந்தது, அதற்காக அந்தப் பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். நம் வீட்டில் வருவது 230.

உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டவர்கள் அந்தச் சுவிட்சை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் நுழைகிற கரண்ட் முதலில் டி.சி.யாக மாறுகிறது. 230 வோல்ட் ஏ.சி. மாறினால் சுமார் 325 வோல்ட் டி.சி. வரும். 115 ஏ.சி.யில் பாதிதான் வரும் என்பதால், சுவிட்சை 115-இல் வைத்தால் உள்ளே ஒரு சுற்று அதை இரட்டிப்பாக்கி அதே 325-க்குக் கொண்டுவரும். இப்போது 230-ஐ அந்த இரட்டிப்புச் சுற்றுக்குள் விட்டீர்கள். 650 வோல்ட்! அங்கே நிற்கிற இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களும் ஆளுக்கு 200 வோல்ட் தாங்கத்தான் செய்யப்பட்டவை. ஆளுக்கு 325 விழுந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

இதில் நல்லது என்னவென்றால், அடி வாசலிலேயே விழுந்துவிட்டது. மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் அதற்கு அப்பால், டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. இந்த மாதிரி வந்த பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் மாற்றி, பழையபடி ஓடியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். போட்டோவுக்கு அவசரம் என்றால் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம்.

வெடித்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்க காக்காவை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் முந்நூறு வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். கடை போட்டு 19 வருஷம் ஆகிறது. எனக்கு இதுவரை பட்ட ஒரே பெரிய அடி, "பிளக்குதான் பிடுங்கியாச்சே" என்று கைவைத்தபோது பட்டது. வலது கட்டைவிரலில் கறுப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது.

மண்டபத்தில் கடலோரத்தில் வீடு. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் எறும்பு கடிக்கிற மாதிரி சுள்ளென்று இருக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் இல்லை. சில நாள் பூட் ஆகாமல் பாதியில் தொங்குகிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?

உங்கள் வீட்டு எர்த் கெட்டுவிட்டது, அல்லது இல்லவே இல்லை.

ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும், இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து (கரண்ட் வருகிற ஒயர்) பெட்டித் தகட்டுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்புகிற ஒயர்) தகட்டுக்கு. எர்த் ஒழுங்காக இருந்தால் கசிகிற சொற்பக் கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகடு இரண்டுக்கும் நடுவில், பாதி வோல்டேஜில், ஏறக்குறைய 115-இல் தொங்கும். கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் சுள்ளென்று மட்டும் இருக்கிறது. ஆனால் நாளைக்கு உள்ளே ஏதாவது ஒயர் உரசித் தகட்டில் பேஸ் முழுதாக வந்தால் காப்பாற்ற ஆள் இல்லை. அதனால் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யு.எஸ்.பி.யில் பிரிண்டர், மானிட்டர் என்று இரண்டு மூன்று பெட்டிகளை இணைக்கும்போது இந்தத் தொங்கல் வோல்டேஜ் ஒன்றுக்கொன்று தாவி, பாதியில் நிற்பது மாதிரியான சேட்டைகளும் வரும்.

நம் கடற்கரை மணலில் எர்த் குழி பெரிய தலைவலி. மேல் மணல் காய்ந்துவிட்டால் கரண்டை வாங்காது. உள்ளே இருக்கிற இரும்புக் குழாயை உப்பு தின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய்த் தலை அப்படியே நிற்கும், ஆட்டினால் கையோடு வரும். போன வருஷம் ஒரு வீட்டில் அப்படித்தான் முழ நீளக் குழாய் என் கையில் வந்தது, அடியில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கார அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், நான்தான் பிடுங்கிவிட்டேன் என்று.

வயரிங் வேலை பார்க்கிற அண்ணனை வரச்சொல்லி, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். 230 பக்கம் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போனால் குழியைப் பார்க்க வேண்டும். செம்பு பூசிய கம்பியாகப் போட்டு, கரியும் உப்பும் நிரப்பி, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சுற்றிலும் கடல் இருக்கும்போது எதற்கு உப்பு என்று கேட்பீர்கள். குழிக்குள் ஈரம் பிடித்து நிற்பதற்கு. இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னாக மாட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஓடுகிற கம்ப்யூட்டர், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பூட் ஆக மறுக்கிறது. டியூப் லைட்டும் மினுக்குகிறது.

டியூப் லைட்டே பதில் சொல்லிவிட்டது அண்ணே. லைன் கடைசியில் இருக்கிற இடங்களில், எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் விழும். ஏழு மணிக்கு மல்டிமீட்டரில் அளந்து எழுதிவையுங்கள், ஒரு வாரத்துக்கு. 170-க்குக் கீழே காட்டினால் கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம்.

உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். '200-240' என்று போட்டிருந்தால் அது மெலிந்த கரண்டில் எழும்பாது. '100-240' என்று போட்டிருப்பது எழும்பும். விலை கொஞ்சம் கூட. லேப்டாப் அடாப்டர்கள் பெரும்பாலும் இந்த ரகம் என்பதால்தான் அதே அறையில் லேப்டாப் மட்டும் மானம் காத்துக்கொண்டு ஓடும். எஸ்.எம்.பி.எஸ். மாற்ற மனசில்லை என்றால் ஸ்டெபிலைசர் உள்ள யு.பி.எஸ். போதும். 140-இலிருந்து தாங்கும் என்று மேலேயே போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள்.

'450 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டி எழுநூறு ரூபாய்க்குக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸை வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். '80 பிளஸ்' முத்திரை என்றால், பாரம் குறைவாக இருந்தாலும் முழுதாக இருந்தாலும் வாங்குகிற கரண்டில் நூற்றுக்கு எண்பதாவது கம்ப்யூட்டருக்குப் போகிறது, மிச்சம்தான் சூடாக வீணாகிறது என்று அர்த்தம். உப்பளச் சூட்டில் அது பெரிய விஷயம்.

மீன் ஏல வியாபாரம் எங்களுக்கு. தடைக்காலத்தில் ஆபீஸையே பூட்டிவிடுவோம். திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் எஃப்1 அமுக்கச் சொல்லி நின்றுகொள்கிறது, தேதி பல வருஷம் பின்னால் காட்டுகிறது. (ராமேஸ்வரம்)

உள்ளே காசு மாதிரி இருக்கிற சி.ஆர்.2032 பேட்டரி காலி. மாற்றுங்கள், வாட்ச் கடையிலும் கிடைக்கும், 3 வோல்ட். அடுத்த தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் அப்படியே பூட்டி வைக்காதீர்கள். வாரம் ஒரு தடவை யாராவது போய் ஒரு மணி நேரம் ஓடவிடட்டும். அந்தச் சூட்டிலேயே போர்டு காய்ந்துவிடும். யு.பி.எஸ். பேட்டரியும் சார்ஜ் ஏறாமல் இரண்டு மாசம் கிடந்தால் கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் மாட்டி வைத்தாலும் பிடிக்காது.

ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலத்தை கம்ப்யூட்டருக்குள் போட்டுவைத்தால் ஈரம் வராதாமே? (உச்சிப்புளி)

கம்ப்யூட்டர் ஊறுகாய் ஜாடி இல்லை, காற்று போய் வருகிற பெட்டி. பொட்டலம் ஒரே ராத்திரியில் நிரம்பிவிடும். அதைவிட, கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வையுங்கள்.

பின்குறிப்பு: பக்கம் அச்சுக்குப் போகும் முன்னால் தொண்டி அக்காவுக்குப் பதிலைப் போனிலேயே சொல்லிவிட்டேன், பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களே. மானிட்டர் ஒயரை மாற்றிச் செருகியதுமே ஓடிவிட்டதாம். பழைய ஒயரின் முனைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்று துளையில் ஒன்றில் பாசி பிடித்த மாதிரி பச்சை. 2,500 ரூபாய் மிச்சம் என்று கருவாடு அனுப்புகிறார்களாம். நெத்திலியாக இருந்தால் நல்லது.